மனச்சாட்சிக்கு ஒப்ப முதலீடு செய்தல்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவருக்கான முழுமையான வழிகாட்டி

வேளாண்மை வெட்டு முடிந்து நெல் விற்ற காசு, ஓய்வுபெறும்போது கிடைத்த பணிக்கொடை, கட்டாரிலிருந்து மகன் அனுப்பிச் சேர்ந்த தொகை என்று கையில் ஓரளவு பணம் சேர்ந்ததும், அது தமக்கு உடன்பாடில்லாத தொழில்களில் போய்ச் சேரக்கூடாது என்று நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இந்த விடயத்தில் உதவி கேட்டு வருபவர்கள் ஏறத்தாழ எல்லோரும் "எந்தப் பங்கை வாங்கலாம்?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்தால் பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும்.

1. முதலீட்டுக்கு உரிய பணத்தைத் தனியே பிரியுங்கள்

அடகு வைத்த நகை இருந்தால் முதலில் அதை மீட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் போதுமான தொகையை, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். எஞ்சுவதுதான் முதலீட்டுப் பணம்.

மார்கழி வெள்ளத்தில் வயலோ கடையோ அடிபட்டால், பங்கின் விலை விழுந்திருக்கும் நேரத்திலும் அதை விற்றாக வேண்டிவரும், அல்லது வீட்டு வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரரிடம் கையேந்த வேண்டிவரும். கையிருப்பு இல்லாதவர் வகுத்துக்கொண்ட நெறி முதல் நெருக்கடியிலேயே உடைந்துபோவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

2. ஏற்பதையும் ஏற்காததையும் எழுதிவையுங்கள்

எந்தக் கம்பனியின் பெயரையும் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று பகுதிகளாக எழுதுங்கள்: ஒருபோதும் வேண்டாதவை, ஓரளவுவரை பொறுத்துக்கொள்ளக்கூடியவை, வளரவேண்டும் என்று நீங்கள் விரும்புபவை. பெயரைப் பார்த்தபின் எழுதினால், நல்ல இலாபம் தரும் கம்பனிக்கு ஏற்றபடி நெறி வளைந்துகொடுக்கும்.

இந்த மாவட்டங்களில் ஒருவர் பட்டியல் இன்னொருவருக்குப் பொருந்தாது. காத்தான்குடியிலோ நிந்தவூரிலோ இருப்பவருக்கு வட்டிதான் முதல் தடையாக இருக்கும். படுவான்கரையில் குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டவருக்கு மதுபானம் முதலில் வரும். 2017இல் கல்குடாப் பகுதியில் எதனோல் தொழிற்சாலைக்கு எதிராக எழுந்த குரல் பலருக்கும் நினைவிருக்கும். திருக்கோவிலிலும் வாகரையிலும் கடற்கரை மணலில் இல்மனைட் அகழ்வதை எதிர்த்தவர்களுக்குச் சுரங்கத் தொழிலே முதன்மை. புலால் உண்ணாதவர் கோழிப்பண்ணைக் கம்பனியைத் தவிர்க்க விரும்பலாம். ஆகவே வட்ஸ்அப்பில் சுற்றிவரும் பட்டியலை அப்படியே பிரதி செய்யவேண்டாம்.

ஒவ்வொரு வரியும் சரிபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். "நல்ல கம்பனிகளில் மட்டும் போடுவேன்" என்பதைச் சரிபார்க்க முடியாது. "மதுபானம், புகையிலை, சூதாட்டம் ஆகியவற்றிலிருந்து வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டும் கம்பனி வேண்டாம்" என்பதை ஆண்டறிக்கையை வைத்துச் சரிபார்க்கலாம். பூச்சியம் என்று எழுதுவதும் உங்கள் உரிமையே. ஆனால் சுப்பர் மார்க்கட், ஹோட்டல் நடத்தும் குழுமங்கள் அத்தனையும் அப்போது விலகிவிடும் என்பதை அறிந்தே எழுதுங்கள்.

ஒருபோதும் வேண்டாதவை நான்கைந்துக்கு மேல் போகவேண்டாம் என்பது என் கருத்து. கொழும்புச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முந்நூறுக்கும் குறைவு; பதினைந்து தடைகள் எழுதினால் ஓரிரு கம்பனிகளே எஞ்சி, முழுப் பணமும் அவற்றிலேயே குவிந்துவிடும். வீட்டில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுவது நல்லது, ஏனெனில் விலை விழும் மாதத்தில் "இதை ஏன் வாங்கினீர்கள்?" என்ற கேள்வி வீட்டுக்குள்ளிருந்துதான் வரும்.

3. இப்போதே உங்கள் பணம் எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள்

பங்கு வாங்கினால்தான் நெறிப் பிரச்சினை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலையான வைப்பில் கிடக்கும் பணத்தையும் வங்கியோ நிதிக் கம்பனியோ யாருக்கோ கடனாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நம் பகுதியில் பெரும்பாலோரின் பணம் இருப்பது அங்கேதான், ஆகவே முதல் திருத்தமும் அங்கேதான் தொடங்கவேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அவற்றுள் இருந்தன. கிழமைக்கொரு தடவை வாசலில் வந்து நின்று அறவிடப்பட்ட அந்தக் கடன்களின் மூலதனம் வானத்திலிருந்து விழவில்லை. வங்கியைவிட இரண்டு மூன்று வீதம் கூடுதல் வட்டி கிடைக்கிறது என்று நகரத்தில் ஒருவர் நிதிக் கம்பனியில் வைப்பிட்ட பணம், சில மைல்களுக்கு அப்பால் இன்னொரு பெண்ணின் கழுத்தை நெரிக்கும் கடனாக மாறியிருக்கக்கூடும்.

எனவே வைப்பிட்டுள்ள நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, கடன்கள் எந்தெந்தத் துறைகளுக்குக் கொடுக்கப்பட்டுள்ளன என்று பிரித்துக் காட்டும் குறிப்பைத் தேடுங்கள். விவசாயம், கட்டுமானம், நுகர்வு, வாகனக் குத்தகை என்று தொகைகள் தனித்தனியே இருக்கும். நுண்கடன் கொடுக்கிறார்களா, கொடுத்தால் அதன் பயனுறு வருடாந்த வட்டி வீதம் (கட்டணங்களும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் விழும் வட்டி) எவ்வளவு என்று கிளை முகாமையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுங்கள்.

வட்டியைத் தவிர்ப்பவர்களுக்கு 2011 முதல் இயங்கும் அமானா வங்கியும், வேறு சில வங்கிகளின் இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளும் உள்ளன. பிரிவாக இயங்கும் இடங்களில், அந்தப் பணம் வங்கியின் ஏனைய பணத்திலிருந்து தனியாகக் கணக்கு வைக்கப்படுகிறதா, ஷரீஆ (இஸ்லாமிய நெறி) மேற்பார்வைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம்: அனுமதிபெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கே வைப்புக் காப்புறுதி உண்டு, ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பிடுவது நெறியளவில் மிகச் சிறந்த தெரிவாக இருக்கலாம், ஆனால் இந்தக் காப்பு அங்கு இல்லை. சங்கத்தின் கணக்காய்வு அறிக்கையைப் பார்த்து, இழக்க நேர்ந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையை மட்டும் வையுங்கள்.

4. நெறியைப் பார்க்கும் முன் உரிமத்தைப் பாருங்கள்

ஹலால், பசுமை, சமூகநலன் போன்ற சொற்கள் மோசடிக்காரருக்கும் பயன்படுகின்றன. நல்லெண்ணம் உள்ளவர்களே இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். நெறி பற்றிய பேச்சு வந்ததும் அவர்கள் உரிமம் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பணம் சேர்ப்பவர் பள்ளிவாசலிலோ கோவிலிலோ அறிமுகமானவராக இருந்தால் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

வைப்புப் பெறுபவரின் பெயர் இலங்கை மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இருக்கவேண்டும். பங்குத் தரகரும், பலரின் பணத்தை ஒன்றுசேர்த்து முதலிடும் அலகு நம்பிக்கை நிதியங்களின் முகாமையாளரும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கவேண்டும். ஆள் சேர்த்தால் பணம் தரும் பிரமிட் திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. கண்டறியப்பட்ட பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டும் வருகிறது.

ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் இடும் முழாரபா என்ற இஸ்லாமியக் கூட்டு முறையில் இலாபத்தைப் பகிரும் விகிதத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம், இலாபத் தொகைக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆகவே "ஹலால் முதலீடு, மாதம் தவறாமல் 5 சதவீதம்" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது அவர் பெயர் சொல்லும் முறைக்கே முரணானது. அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

5. வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்துக்குப் பங்கு பொருந்தாது. அதை மூன்றாம் படியில் தேர்ந்த வங்கியிலேயே வைத்திருங்கள். அறிக்கை வாசிக்க நேரமில்லாதவர் அலகு நம்பிக்கை நிதியத்தை நாடலாம், ஷரீஆ நெறிப்படி நடத்தப்படுபவையும் உள்ளன. ஆனால் பெயரை மட்டும் பார்த்து நம்பாமல், நிதியம் இப்போது எவற்றை வைத்திருக்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்.

திறைசேரி உண்டியலில் (அரசு குறுகிய காலத்துக்கு வாங்கும் கடன்) போடும் பணம் அரசின் பொதுச் செலவுக்குப் போகிறது. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் மட்டும் என்றோ, பாதுகாப்புச் செலவுக்கு வேண்டாம் என்றோ பிரித்துக் கொடுக்க வழியில்லை. அது உங்களுக்கு ஏற்புடையதா என்பதை இரண்டாம் படியின் தாளே சொல்லவேண்டும். சுற்றாடலுக்கு உகந்த திட்டங்களுக்காகப் பொதுமக்களிடம் கடனாகத் திரட்டப்படும் பசுமைத் தொகுதிக்கடன்களில் பணம் எந்தத் திட்டங்களுக்குச் செலவாகும் என்பது வெளியீட்டு ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பதால் அவை ஓரளவு தெளிவானவை. எனினும் அவையும் வட்டி தருபவையே.

6. ஆண்டறிக்கையைச் சரியான வரிசையில் வாசியுங்கள்

நேரம் செலவழிக்கவேண்டிய படி இதுதான். கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் ஒவ்வொரு கம்பனியின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது. முந்நூறு பக்கங்களைக் கண்டு மலைக்கவேண்டாம்; வேண்டியது சில பக்கங்கள்தான். முன்பகுதியில் மரம் நடும் படங்களும் சிரிக்கும் சிறுவர்களும் இருக்கும். அவற்றைக் கடந்து, கணக்காய்வாளரின் அறிக்கைக்குப் பின்னால் வரும் குறிப்புகளுக்கு நேரே போங்கள். அங்கே எழுதப்பட்டவை கணக்காய்வுக்கு உட்பட்டவை.

முதலில் துறைவாரியான வருமானக் குறிப்பு. அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தேடும் வசதியில் 'ஒப்பரேட்டிங் செக்மென்ட்ஸ்' (Operating Segments) என்ற தலைப்பைத் தேடுங்கள். எந்தத் துறையிலிருந்து எவ்வளவு வருமானம் என்று அங்கே அட்டவணையாக இருக்கும்.

அடுத்து, துணைக் கம்பனிகளின், அதாவது இந்தக் கம்பனியின் கட்டுப்பாட்டில் உள்ள வேறு கம்பனிகளின் பட்டியல். சிலோன் டொபாக்கோ, லயன் பிரூவரி போன்றவற்றை இனங்காண அறிக்கை தேவையில்லை, பெயரே போதும். சிக்கல் குழுமங்களில்தான் இருக்கிறது. மதுபானம் தயாரிக்கும் டிஸ்டில்லரிஸ் கம்பனி மெல்ஸ்டாகோர்ப்பின் துணைக் கம்பனி; அதே மெல்ஸ்டாகோர்ப் எயிட்கன் ஸ்பென்ஸ் கம்பனியிலும் பெரும் பங்குதாரர். லயன் பிரூவரி கார்சன் கம்பர்பச் குழுமத்தைச் சேர்ந்தது. ஜோன் கீல்ஸ் குழுமம் கொழும்பில் கட்டிய சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் தொகுதியில் மெல்கோ நிறுவனம் சூதாட்ட விடுதியை நடத்துகிறது. இவற்றைக் குறை கூறுவதற்காக இங்கு எழுதவில்லை. பெயரில் தெரியாத ஒன்று பட்டியலில் தெரியும் என்பதற்காகவே எழுதுகிறேன். மதுபானத்தை ஏற்காதவர், மதுபானக் கம்பனியைச் சொந்தமாக வைத்திருக்கும் குழுமத்தின் பங்கையும் தவிர்ப்பாரா, அந்தக் குழுமம் பங்கு வைத்திருக்கும் மூன்றாவது கம்பனியையும் தவிர்ப்பாரா என்பதை இப்போதே முடிவுசெய்து தாளில் சேர்த்துவிடவேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் விடும் பெரிய தவறு ஒன்று உண்டு. கணக்கு அட்டவணைகளில் 'குழுமம்', 'கம்பனி' என்று இரண்டு நிரல்கள் அருகருகே இருக்கும். கம்பனி நிரலில் தாய்க் கம்பனியின் கணக்கு மட்டுமே வரும், துணைக் கம்பனிகளின் வருமானம் அதில் சேராது. அந்த நிரலைப் பார்த்து "மதுபான வருமானமே இல்லை" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். எப்போதும் குழும நிரலைப் பாருங்கள். அட்டவணையின் தலைப்பில் தொகைகள் ஆயிரத்திலா மில்லியனிலா தரப்பட்டுள்ளன என்பதையும் பாருங்கள்.

மூன்றாவதாக, வட்டி தொடர்பான கணக்கு. ஷரீஆ நெறிப்படி பார்ப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும், இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு நியமங்கள் வகுக்கும் ஏ.ஏ.ஓ.ஐ.எஃப்.ஐ. (AAOIFI) அமைப்பின் 21ஆம் இலக்க நியமத்தின்படி, வட்டிக் கடனும் வட்டி பெறும் வைப்பும் தனித்தனியே சந்தைப் பெறுமதியின் (எல்லாப் பங்குகளினதும் மொத்தச் சந்தை விலையின்) 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகாத (மார்க்கம் தடுத்த) வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கம்பனியின் அடிப்படைத் தொழிலும் ஆகுமானதாக இருக்கவேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பனி ஒன்றின் பங்குகள் 200 மில்லியன், சந்தை விலை 60 ரூபா என்றால் சந்தைப் பெறுமதி 12,000 மில்லியன் ரூபா. வட்டிக் கடன் 3,000 மில்லியன். அதாவது 25 சதவீதம். மொத்த வருமானம் 5,000 மில்லியன், அதில் வட்டி வருமானம் 150 மில்லியன். அது 3 சதவீதம். வட்டி பெறும் வைப்பும் எல்லைக்குள் இருந்தால் கம்பனி தேறிவிடும். விலை 45 ரூபாவுக்கு இறங்கினால் பெறுமதி 9,000 மில்லியனாகச் சுருங்கி, புதிதாக ஒரு சதமேனும் கடன் வாங்காமலேயே கடன் விகிதம் 33 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே எல்லைக்கு மிக அருகில் நிற்கும் கம்பனியை வாங்காமல், 20 சதவீதத்துக்குள் இருப்பவற்றை முதலில் பாருங்கள்.

இறுதியாக, பெரிய பங்குதாரர் இருபது பேரின் பட்டியலையும், நிலுவையிலுள்ள வழக்குகள் பற்றிய குறிப்பையும் பாருங்கள். தொழிலாளர் வழக்குகளும் சுற்றாடல் வழக்குகளும் அந்தக் குறிப்பில்தான் தலைகாட்டும்.

நெறிப்படி தேறிய கம்பனி நல்ல முதலீடாகவும் இருக்கும் என்று எண்ணவேண்டாம். ஐந்து ஆண்டு இலாபம், பங்கிலாபம் (இலாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகை), கடன் சுமை ஆகியவற்றை வழமைபோலப் பார்த்து, அதிலும் தேறினால் மட்டும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. கணக்கைத் திறவுங்கள்

பங்கு வாங்க, பங்குகள் மின்முறையில் பதிந்துவைக்கப்படும் மத்திய வைப்புத் திட்டத்தில் ஒரு கணக்கு வேண்டும். எல்லோரும் அதை சி.டி.எஸ். கணக்கு என்றே சொல்வார்கள். கொழும்புக்குப் போகத் தேவையில்லை, பங்குச் சந்தையின் கைபேசிச் செயலியில் தரகர் ஒருவரைத் தெரிவுசெய்து வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் திரும்பிவருவது பெரும்பாலும் பெயரால்தான். அடையாள அட்டையில் தகப்பன் பெயரும் முழுப்பெயரும் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டிலும் வேறாக இருக்கும். தொடங்குவதற்கு முன் வங்கிக்குப் போய், அடையாள அட்டையில் உள்ளவாறு கணக்கின் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கவேண்டும், மகனுடைய கணக்கு உதவாது. மின்பட்டியல் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால், வதிவிடத்தை உறுதிப்படுத்த எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று தரகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை எடுத்துவைத்திருப்பது நல்லது. வரி அடையாள இலக்கத்தையும் இப்போதே பெற்றுவிடுங்கள்.

தரகர் கடனில் பங்கு வாங்கும் வசதியை முன்வைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வட்டியைத் தவிர்ப்பவருக்கு அது நேரடி முரண். மற்றவர்களுக்கும் விலை விழும்போது கட்டாய விற்பனைதான் மிஞ்சும்.

8. சிறுகச் சிறுக வாங்குங்கள்

பணத்தை ஐந்தாறு பகுதிகளாகப் பிரித்து, சில மாத இடைவெளிகளில், குறைந்தது ஐந்து கம்பனிகளில், வெவ்வேறு துறைகளில் இடுங்கள். தடைப்பட்டியல் ஏற்கனவே தெரிவைக் குறுக்கியிருப்பதால் ஒரே துறையில் சிக்கும் ஆபத்து உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல்.

விலையைக் குறிப்பிட்டே கட்டளை இடுங்கள். சிறிய கம்பனிகளில் ஒரு நாளில் கைமாறும் பங்குகள் மிகக் குறைவாக இருக்கும். விலை குறிப்பிடாமல் வாங்கினால் நீங்களே விலையை ஏற்றிவிடுவீர்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் 1 சதவீதத்துக்குச் சற்று மேலாகச் செலவு போகும் என்பதால் அடிக்கடி மாற்றுவது நட்டம்.

9. பங்கிலாபம் வந்ததும் செய்யவேண்டியவை

பங்கிலாபத்தில் 15 சதவீதமும், 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதமும் வரியாகப் பிடிக்கப்படுகின்றன. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து வட்டி மீதான பிடித்தத்தைத் தவிர்க்கலாம்.

ஆகாத வருமானத்தைத் தூய்மைப்படுத்த விரும்புபவர்களுக்கு மேலே போட்ட கணக்கே உதவும். 150 மில்லியன் ரூபா வட்டி வருமானத்தை 200 மில்லியன் பங்குகளால் பிரித்தால் பங்குக்கு 75 சதம். 1,000 பங்குகள் வைத்திருப்பவர் 750 ரூபாவை நற்பணிக்குக் கொடுத்துவிடவேண்டும். இதை ஸகாத்தில் (முஸ்லிம்களின் கட்டாய தர்மம்) கழிக்கக்கூடாது, இரண்டும் வேறு. முஸ்லிம் அல்லாத சிலரும் இதே வழியைப் பின்பற்றி, தாம் பொறுத்துக்கொண்ட வருமானத்தின் பங்கை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கிறார்கள். அது நல்ல பழக்கம் என்றே கருதுகிறேன்.

10. ஆண்டுக்கொரு தடவை மீண்டும் சரிபாருங்கள்

மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் ஓகஸ்ட் முடிவுக்குள் வந்துவிடும். ஆகவே செப்டெம்பரில் ஒரு நாளை ஒதுக்கி, ஆறாம் படியை ஒவ்வொரு கம்பனிக்கும் திரும்பச் செய்யுங்கள். கம்பனிகள் புதிய துணைக் கம்பனிகளை வாங்குகின்றன, பழையவற்றை விற்கின்றன. சென்ற ஆண்டு தேறியது இந்த ஆண்டு தேறாமல் போகலாம்.

சிறு பங்குதாரருக்கும் பொதுக்கூட்டத்தில் வாக்கும் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. பல கம்பனிகள் கூட்டத்தை இணையவழியில் நடத்துவதால் மட்டக்களப்பிலிருந்தே கலந்துகொள்ளலாம். முடியாதபோது, உங்களுக்காக இன்னொருவர் வாக்களிக்க அனுமதிக்கும் பதிலாள் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். நூறு பங்குகள் வைத்திருப்பவர் எழுதிக் கேட்டாலும் கம்பனிச் செயலாளருக்கு அது பங்குதாரரின் கேள்விதான். கேள்வியைக் குறுகியதாகவும் தொகையோடும் கேளுங்கள்: "உங்கள் தோட்டங்களில் சென்ற ஆண்டு எத்தனை தொழிலாளர் விபத்துகள் நடந்தன?" என்பதற்குப் பதில் வரும், "நீங்கள் நியாயமாக நடக்கிறீர்களா?" என்பதற்கு வராது.

ஒரு கம்பனி உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டால் விற்கவேண்டும், ஆனால் அன்றே விற்கவேண்டியதில்லை. மூன்று மாத அவகாசம் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைத்து, அதற்குள் சிறு தொகுதிகளாக, விலை குறிப்பிட்டு விற்றுவிடுங்கள். விலை ஏறட்டும் என்று அந்த அவகாசத்தை நீட்டவேண்டாம். விற்ற பணத்தை ஏற்கனவே குறித்துவைத்த அடுத்த பெயருக்கு மாற்றுங்கள்; அப்படி ஒரு பெயர் இல்லையென்றால், கிடைக்கும்வரை அது மூன்றாம் படியில் தேர்ந்த வங்கியிலேயே இருக்கட்டும்.